ஸ்பீடோமீற்றரை வாசிக்கத் தெரியுமா?

அக்காவின் மகளுக்கு இப்போது பதினாறரை வயது. படிப்பவர் லைசன்ஸ் எடுத்துவிட்டாள். ஞாயிறு காலையில் ரொக்ஸ்பரோவில் ஆள் இல்லாத ஒரு பார்க்கிங்கில் வைத்து அவளுக்குக் கார் பழக்குவது என் வேலை. இரண்டாவது ஞாயிறு, காரை ஸ்ரார்ட் பண்ணமுதல் ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, இதிலை ஏன் 240 மட்டும் நம்பர் போட்டிருக்கு? ஒரு றோட்டிலையும் அவ்வளவு ஓட விடமாட்டாங்கள்தானே?"

நல்ல கேள்வி. இன்ஜினியரிங்கில் மாஸ்ரர்ஸ் செய்த எனக்கு அந்த நேரம் சரியான பதில் வாயில் வரவில்லை. "அது சும்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் காரில் அதிக தடவை பார்க்கிற அந்த வட்டத்தை எனக்கு யாருமே வாசிக்கப் பழக்கவில்லை. ட்ரைவிங் ஸ்கூலிலும் இல்லை, அப்பாவும் இல்லை. "ஊசி எங்கே நிற்குது பார்" என்பதோடு பாடம் முடிந்துவிட்டது. அதனால்தான் நான் 19 வயதில் அகப்பட்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நியூயோர்க்கில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். அப்பாவின் காரில் நானும் மூன்று கசின்மாரும் போனோம். அந்தக் காரில் ஊசி கிடையாது, வேகத்தைப் பெரிய இலக்கமாகக் காட்டுகிற டிஜிற்றல் திரை. எல்லையைக் கடந்ததும் ஒரு கசின் பட்டனை அமத்தி அதை மைலுக்கு மாற்றிவிட்டான். அது சரியான வேலைதான். அங்கே பலகைகள் எல்லாம் மைலில் இருக்கும், 65 என்றால் மணிக்கு 65 மைல், அதாவது கிட்டத்தட்ட 105 கிலோமீற்றர்.

திரும்பி வரும்போது இரவு ஒரு மணி. லாகொல் எல்லையில் பாஸ்போர்ட் காட்டி, கியூபெக்கின் 15ஆம் நெடுஞ்சாலையில் ஏறினோம். பின்னால் மூன்று பேரும் நித்திரை. பட்டனை யாரும் திருப்பி அமத்தவில்லை. கொஞ்சத் தூரத்தில் வீதி வேலை நடக்கிற இடம், செம்மஞ்சள் பலகையில் 70 என்று இருந்தது. நான் நல்ல பிள்ளையாக வேகத்தைச் சரியாக 70க்குக் கொண்டுவந்தேன். திரையில் 70. பலகையில் 70. மனதில் ஒரு சந்தேகமும் இல்லை. இரண்டு நிமிடத்தில் பின்னால் சிவப்பு நீலம்.

மணிக்கு 70 மைல் என்றால் 113 கிலோமீற்றர். ரிக்கெற்றில் எழுதியிருந்தது 110. எல்லைக்கு மேலே 40. அதற்கு மூன்று புள்ளி. உங்களில் பலரிடம் இப்போது இருப்பது அன்று என்னிடம் இருந்த அதே தற்காலிக லைசன்ஸ்தான். அதில் நாலு புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் மூன்று மாதத்துக்கு நிறுத்தப்படும் என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த ஒன்றரை வருடம் நான் ஒரு புள்ளியை மடியில் கட்டிக்கொண்டு கிழவனைப்போல ஓடினேன்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, இலக்கத்தைப் பார்த்தேன், அலகைப் பார்க்கவில்லை. மற்றது கொஞ்சம் சுவாரசியமானது: திரை 113க்குச் சமமான வேகத்தைக் காட்டியது, ரேடார் 110 என்றது. அந்த 3 கிலோமீற்றர் எங்கே போனது?

முதலில் அலகு. கனடாவில் வீதிப் பலகைகள் மைலிலிருந்து கிலோமீற்றருக்கு மாறியது 1977 செப்ரெம்பரில். இங்கே விற்கிற ஊசி வைத்த கார்களில் வெளிவட்டத்தில் பெரிதாகக் கிலோமீற்றரும் உள்வட்டத்தில் சின்னதாக மைலும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் விற்ற காரில் இது தலைகீழ், மைல் பெரிது. சிலர் அங்கிருந்து பழைய கார் வாங்கி வருகிறார்கள். அப்படி ஒன்றை முதல்முறை ஓடும்போது பெரிய இலக்கத்தை 50க்குக் கொண்டுவந்தால் உண்மையில் 80இல் போகிறீர்கள், ஒரு குடியிருப்புத் தெருவில். அகப்பட்டால் ரிக்கெற். ஒரு சின்னப் பிள்ளை பந்துக்குப் பின்னால் ஓடி வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் அப்பாமாருக்கு இந்தக் குழப்பம் வேறுவிதமாக இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்தில் கார் பழகியது ஒஸ்ரின் ஏ40 காரில். பிரிட்டிஷ் கார், மைல் மீற்றர். அவருடைய ஊரில் தூரத்தையே "கட்டை" என்றுதான் சொல்வார்கள், "நாலாம் கட்டையடி" என்றால் நாலாவது மைல்கல் நிற்கிற இடம். 90களில் பெற்றோல் தடை இருந்தபோது அந்த ஏ40 கார்கள் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின என்ற கதை உங்கள் வீட்டிலும் ஓடியிருக்கும். அப்பா சொல்வது, அவர் ஓடிய காரில் ஊசி எப்போதும் பூச்சியத்தில்தான் நிற்கும், கேபிள் அறுந்து வருடக்கணக்கு. இன்ஜின் சத்தத்தையும் கதவின் நடுக்கத்தையும் வைத்து வேகம் சொல்வாராம். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் "அறுபதிலை வந்தனான்" என்று அவர் சொன்னால், எந்த அறுபது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அலகு பிழைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ரொக்ஸ்பரோவிலிருந்து சோர்ஸ் வீதியால் தெற்கே இறங்கினால் கொஞ்ச நேரத்தில் டோர்வல் விமான நிலையம். 1983 ஜூலை 23ஆம் திகதி எயர் கனடாவின் 143ஆம் விமானம் மொன்றியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரனுக்குப் புறப்பட்டது. புத்தம் புதிய போயிங் 767. அந்த நிறுவனம் அப்போதுதான் மெற்றிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. எரிபொருள் மீற்றர்கள் வேலை செய்யவில்லை, அதனால் தாங்கிக்குள் குச்சி விட்டு லீற்றரில் அளந்து, கையால் கணக்குப் பார்த்தார்கள். தேவை 22,300 கிலோகிராம். லீற்றரைக் கிலோகிராமாக மாற்ற கிட்டத்தட்ட 0.8ஆல் பெருக்கவேண்டும். அவர்கள் பழக்கதோசத்தில் 1.77ஆல் பெருக்கினார்கள். அது லீற்றருக்கு எத்தனை றாத்தல் என்கிற எண். விடை பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது கிலோ அல்ல, றாத்தல். தேவையானதில் பாதிக்கும் குறைந்த எரிபொருளோடு 69 பேருடன் விமானம் 41,000 அடிக்கு ஏறியது. மனிற்றோபாவுக்குக் கிட்ட இரண்டு இன்ஜினும் நின்றன. கப்ரின் றொபேர்ட் பியர்சனுக்குக் கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்தபடியால் கிம்லி என்ற இடத்தில், காரோட்டப் பந்தயம் நடந்துகொண்டிருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில் இறக்கினார். ஒருவரும் சாகவில்லை. இலக்கத்துக்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்காததன் விலை அது. எனக்கு மூன்று புள்ளியோடு போனது.

மைலைக் கிலோமீற்றராக்க ஒரு சின்ன விளையாட்டு சொல்கிறேன், கணக்குப் பாடத்தில் ஃபிபொனாச்சி வரிசை படித்தவர்களுக்கு: 21, 34, 55, 89. இதில் ஒரு எண்ணை மைலாக எடுத்தால் அடுத்த எண் கிட்டத்தட்ட அதன் கிலோமீற்றர். 55 மைல் 89 கிலோமீற்றர். 34 மைல் 55 கிலோமீற்றர். அடுத்தடுத்த எண்களின் விகிதம் 1.618ஐ நெருங்கும், ஒரு மைல் 1.609 கிலோமீற்றர். தற்செயலான ஒற்றுமைதான், ஆனால் பிளற்ஸ்பேர்க் போகும்போது உதவும்.

இப்போது காணாமல்போன அந்த 3 கிலோமீற்றர்.

உங்கள் கார் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சில்லு எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணுகிறது. பழைய காரில் கியர்பொக்ஸில் இருந்து ஒரு கேபிள் வரும், அதன் நுனியில் ஒரு காந்தம் சுற்றும், அந்தக் காந்தம் தொடாமலே ஒரு அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் திருப்பி இழுக்கும். இரண்டும் சமப்படுகிற இடத்தில் ஊசி நிற்கும். ஒட்டோ ஷூல்ட்ஸ என்ற ஜேர்மன்காரர் 1902இல் காப்புரிமை எடுத்த யோசனை இது, எண்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க ஓடியது. இன்றைய காரில் கேபிள் இல்லை, சில்லிலோ கியர்பொக்ஸிலோ இருக்கிற சென்சர் எண்ணிக் கொம்பியூட்டருக்கு அனுப்புகிறது. ஆனால் அடிப்படை அதேதான்: ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று கார் நம்பிக்கொள்கிறது.

அந்த நம்பிக்கை ரயரில் இருக்கிறது. 205/55 ஆர் 16 என்ற ரயரை எடுங்கள். 205 என்பது மில்லிமீற்றரில் அகலம், 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது, 16 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். (ஒரே வரியில் மில்லிமீற்றர், வீதம், அங்குலம். இதைக் கண்டுபிடித்தவர்களோடு எனக்குக் கதைக்க வேண்டும்.) கணக்குப் போட்டால் விட்டம் 632 மில்லிமீற்றர். எங்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். யாரோ மலிவாகத் தந்தார்கள் என்று 215/60 ஆர் 16 வாங்கிப் பூட்டினால் விட்டம் 664. ஐந்து வீதம் பெரிய சில்லு. ஊசி 100 காட்டும்போது, மற்ற எல்லாம் சரியென்று வைத்தால், நீங்கள் 105இல் போகிறீர்கள். கார் பொய் சொல்லவில்லை, அதற்கு நீங்கள் சப்பாத்து மாற்றியது தெரியாது. மறுபக்கம், ரயர் 5 மில்லிமீற்றர் தேய்ந்தால் விட்டம் 10 மில்லிமீற்றர் குறையும், ஊசி ஒன்றரை வீதம் கூட்டிக் காட்டும்.

இப்படி ஏறி இறங்கும் என்பது கார் செய்பவர்களுக்குத் தெரியும். அதனால் அவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டி வைக்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் 39ஆம் வாகன ஒழுங்குவிதி, ஐரோப்பாவும் இன்னும் பல நாடுகளும் பின்பற்றுவது, இப்படிச் சொல்கிறது: காட்டுகிற வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக்கூடாது, கூடினாலும் உண்மை வேகத்தின் 10 வீதத்தோடு 4 கிலோமீற்றர் சேர்த்த அளவைத் தாண்டக்கூடாது. உண்மையில் 100 போனால் ஊசி 100க்கும் 114க்கும் இடையில் எங்கே நின்றாலும் பிழையில்லை. வட அமெரிக்காவில் விற்கிற கார்களும் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும். என் 3 கிலோமீற்றர் அங்கேதான் போனது.

இந்த இடத்தில் எனக்கு உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது.

மொன்றியலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாத்திரம்: "நெடுஞ்சாலையில் 118 வரைக்கும் ஓடலாம், பிடிக்கமாட்டாங்கள்." இது எந்தச் சட்டத்திலும் இல்லை. பலகை 100 என்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் 118 ஒரு வேதவாக்காகிவிட்டது. இப்போது அதற்கு மேலே இன்னொரு புத்திசாலித்தனம்: "மீற்றர் 118 காட்டினால் ஜி.பி.எஸ். 114தான், அப்ப 122 போகலாம்." எனக்குத் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைகள், பொறியியல் படிக்கிற பிள்ளைகள், இந்தக் கணக்கைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கணக்கு சரி. நேர் வீதியில் ஒரே சீராகப் போகும்போது ஜி.பி.எஸ். பெரும்பாலும் உங்கள் மீற்றரைவிடத் துல்லியம்தான். வேகம் மாறும்போது கொஞ்சம் பின்தங்கும், வில்-மரி சுரங்கத்துக்குள் அதை நம்பமுடியாது, அது வேறு. ஆனால் அந்த 4 கிலோமீற்றர் உங்களுக்குச் செலவழிக்கத் தந்த காசு அல்ல. ரயருக்கும் உங்கள் கண்ணுக்கும் விடுகிற பிழைக்காக வைத்த இடைவெளி. அதையும் எடுத்துச் சாப்பிட்டால் பிழைக்கு இடமே இல்லை.

இன்னொன்று, இதைத்தான் நான் மருமகளுக்குக் கடைசியில் சொன்னேன். ஸ்பீடோமீற்றரில் கோடுகள் சம இடைவெளியில் இருப்பதால் 100க்கும் 120க்கும் இடையில் இருப்பது 20க்கும் 40க்கும் இடையில் இருப்பதுபோல ஒரே அளவு என்று கண் நினைக்கிறது. இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், உயர்தரப் பௌதிகத்தில் படித்ததுதான். 50இலிருந்து 60க்குப் போனால் ஊசி ஒரு விரல்கூட நகராது, பிரேக் தின்னவேண்டிய சக்தி 44 வீதம் கூடும். காய்ந்த வீதியில் நல்ல பிரேக்கோடு, யோசிக்கிற நேரத்தை விட்டுவிட்டு, 50இல் நிற்க 14 மீற்றர், 60இல் 20 மீற்றர். பனி இறுகிய வீதியில் 50இல் நிற்கவே 50 மீற்றர் வேண்டும். இரண்டு கார் பக்கத்துப் பக்கம் வருகின்றன, ஒன்று 100இல், மற்றது 120இல், இருவரும் ஒரே இடத்தில் பிரேக் அமத்துகிறார்கள். 100இல் வந்தது ஒரு தடைக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது. அதே இடத்தை 120இல் வந்த கார் கடக்கும்போது அதன் வேகம் 66. நான் இதை முதலில் கணக்குப் போட்டபோது பிழை விட்டுவிட்டேனோ என்று திரும்பப் போட்டேன். 120இன் வர்க்கத்தில் இருந்து 100இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள், உங்களுக்கும் வரும்.

எதற்காக இவ்வளவும்? ரொக்ஸ்பரோவிலிருந்து 20 கிலோமீற்றர் போக 100இல் 12 நிமிடம், 120இல் 10 நிமிடம். ரொறன்ரோவுக்கு 540 கிலோமீற்றர், அங்கேதான் வித்தியாசம் தெரியும், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய. நான் மறுக்கவில்லை. ஆனால் 401இல் ரிம் ஹோட்டன்ஸில் இரண்டு தடவை நிற்கிற ஆட்கள் நாங்கள். அந்த நேரம் அங்கேயே போய்விடும்.

மருமகளின் கேள்விக்கு வருகிறேன். 240 எதற்கு? ஒன்று, ஒரே மீற்றரைப் பல நாடுகளுக்குச் செய்கிறார்கள், ஜேர்மனியில் எல்லையே இல்லாத சாலைகள் இருக்கின்றன. இரண்டு, 240 வரை போட்டால் நாங்கள் வழக்கமாக ஓடுகிற 100, 110 வட்டத்தின் உச்சிக்குக் கிட்ட, கண்ணுக்கு லேசான இடத்தில் வரும். மூன்று, விற்பனை. ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது 240 என்ற எண் ஆசை காட்டும்.

அமெரிக்கா ஒருமுறை இந்த ஆசையை அடக்கப் பார்த்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1974இல் இருந்து அங்கே தேசிய எல்லை 55 மைல். ஜோன் கிளேபுறூக் என்பவர் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தலைவராக இருந்த காலத்தில், ஸ்பீடோமீற்றர் 85 மைலுக்கு மேலே காட்டக்கூடாது, 55 தனியாக எடுப்பாகத் தெரியவேண்டும் என்று விதி வந்தது. 1980 மாடல் கார்களில் இருந்து அப்படி வந்தன. கார் 110 மைல் போகும், ஊசி 85இல் முட்டிக்கொண்டு நிற்கும். ரேகன் வந்ததும் அந்த விதி போய்விட்டது. 85இல் வெட்டியது மடத்தனம் என்பது என் எண்ணம், எண்ணை மறைத்தால் வேகம் மறைந்துவிடாது. ஆனால் 55ஐ எடுத்துக் காட்டிய பாதி நல்ல யோசனை. இப்போது உங்கள் மீற்றரைப் பாருங்கள்: 20, 40, 60, 80, 100 என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். கியூபெக்கில் நாங்கள் அதிகம் பார்க்கிற பலகைகள் 30, 50, 70, 90. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேண்டிய 30க்கு ஒரு சின்னக் கோடு மட்டும், இலக்கம் இல்லை. யாருக்கும் தேவைப்படாத 240க்கு இருக்கிற எழுத்து 30க்கு இல்லை. கார் செய்பவர்களுக்கு எழுதச் சொன்னால் நான் இதைத்தான் எழுதுவேன்.

அடுத்த ஞாயிறு மருமகள் காரில் ஏறியதும் செய்தது இது: திரையின் மூலையில் கி.மீ. இருக்கிறதா என்று பார்த்தாள், கதவு ஓரத்து ஸ்ரிக்கரில் உள்ள ரயர் அளவையும் ரயரில் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டாள். பிறகு பேப்பர் ரேப் கொஞ்சம் வெட்டி, 30 கோட்டுக்கு நேரே கண்ணாடியில் ஒட்டினாள். அது என்னுடைய கார். அந்த ரேப் இன்னும் அங்கேதான் இருக்கிறது.